கயிறு விழும் நேரம்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் தன் ஆள்சேர்ப்பில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. அதுவரை முதலில் மைதானம், அடுத்து மருத்துவம், கடைசியில் எழுத்துத் தேர்வு என்று இருந்தது. இனி முதலில் கணினியில் தேர்வு. அதில் தேறியவர்களை மட்டும் மைதானத்துக்குக் கூப்பிடுவார்கள், மருத்துவம் அதற்கும் பிறகு. காரணத்தை அவர்கள் மறைக்கவில்லை. முகாம்களில் கூடும் கூட்டம் அளவு மீறிப் போகிறது, ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அது பெரும் சுமை, கூட்டத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

செய்தியைப் படித்தபோது எனக்குள் இருக்கும் இன்ஜினியர் தலையாட்டினான். நான் பிழைப்பதே இந்த மாதிரி வேலையில்தான். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு செயலியைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், எந்த சர்வரும் மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லோடு பேலன்சிங் என்று பெயர். செலவு குறைந்த சல்லடையை முன்னால் வை என்பது இதில் முதல் பாடம். தப்பான பாஸ்வேர்டோடு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். டேட்டாபேஸ் வரைக்கும் உள்ளே விட்டு, அப்புறம் 'நீ யாருப்பா?' என்று கேட்கக் கூடாது. ஒருவனை ஓடவிட்டு, உயரம் அளந்து, மார்பு அளந்து, மருத்துவர் முன்னால் நிறுத்தி, எல்லாம் முடிந்த பிறகு கணக்கில் ஃபெயில் என்று அனுப்புவது யாருக்குமே வீண்தான்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு மருத்துவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருக்கிறார் என்றால், அவர் அறையிலும் வாசலிலுமாகச் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 சதவீதம் என்றால் 9 பேர். 95 என்றால் 19 பேர். ஆட்கள் சீராக வராமல் முன்னும் பின்னுமாக வருவதால் வரும் விளைவு இது. கோபன்ஹேகனில் டெலிபோன் இணைப்பகங்களுக்காக ஏர்லாங் என்பவர் 1909இல் தொடங்கி வைத்த கணிதத்தின் மிக எளிய வடிவம். மருத்துவரிடமிருந்து இன்னும் ஐந்து சதவீதம் பிழிந்துவிடலாம் என்று நினைத்தால் வாசலில் கூட்டம் இரண்டு மடங்காகும். ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இது தெரியும், ஃபார்முலாதான் தெரியாது.

கூட்டத்தைச் சமாளிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011 பிப்ரவரி 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்கு ஆள் எடுத்தார்கள். 416 இடங்கள். வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். திரும்பிப் போகும்போது பையன்கள் ஹிம்கிரி எக்ஸ்பிரஸின் கூரையில் ஏறிக்கொண்டார்கள். ஷாஜஹான்பூரில் தண்டவாளத்துக்கு மேலே இருந்த நடைபாலம் அவர்களை அடித்து வீழ்த்தியது. பத்துப் பேருக்கும் மேல் செத்தார்கள். அதனால் வரிசையை மாற்றியவர்களை எடுத்த எடுப்பில் திட்ட நான் தயாரில்லை. கூட்டம் குறைவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் வரிசைதானே மாறியது என்று கடந்துபோகவும் முடியாது. சல்லடையில் இரண்டு வகை உண்டு. 166 செ.மீ. உயரம் வேண்டும் என்பது ஒரு வகை (நம் பக்கத்து மாநிலங்களுக்கு அதுதான் அளவு). கோடு தரையிலேயே போட்டிருக்கிறது, தாண்டினால் தாண்டினாய். இந்த மாதிரிக் கோடுகள் எத்தனை இருந்தாலும், எந்த வரிசையில் வைத்தாலும், கடைசியில் மிஞ்சுபவர்கள் அதே ஆட்கள்தான். அரிசியில் கல்லை முதலில் பொறுக்கினாலும் நெல்லை முதலில் பொறுக்கினாலும் உலைக்குப் போவது ஒரே அரிசி. இன்னொரு வகைக்கு 'முதல் இத்தனை பேர்' என்று பெயர். அங்கே வரிசை மாறினால் ஆளே மாறிவிடுவான். இருபது பேர் இருக்கிறார்கள், அதில் பத்துப் பேர் நன்றாக ஓடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடவிட்டால் அந்தப் பத்துப் பேரும் தேர்வு எழுதுவார்கள், அவர்களில் முதல் ஐந்து பேருக்கு வேலை. முதலில் தேர்வு வைத்து முதல் பத்துப் பேரை மட்டும் மைதானத்துக்குக் கூப்பிட்டால், நன்றாக ஓடுகிறவர்களில் ஐந்தாறு பேர் மைதானத்தையே பார்க்காமல் போகலாம். அவர்களுடைய கால்களைப் பற்றி ராணுவத்துக்கு எதுவுமே தெரிய வராது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் அங்கே மிச்சம் பிடிக்கும் வழி.

மருத்துவர் மேசையிலிருந்து இறங்கிய சுமை இன்னொரு இடத்தில் ஏறியது. பிரௌசிங் சென்டரில், 250 ரூபாய் தேர்வுக் கட்டணத்தில், கோச்சிங் கிளாஸில், ஒன்பதாம் வகுப்போடு விட்டுப்போன கணக்கில். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்பதே 2025 அறிவிக்கையில்தான் வந்தது. சர்வர் உலகத்திலும் இப்படித்தான். எங்கள் பக்கம் மெஷின் செலவு குறைந்தது என்று பிரசன்டேஷன் போடும்போது, பயனாளியின் போனில் பேட்டரி எவ்வளவு கூடுதலாகத் தீர்ந்தது என்று யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

மையங்களுக்கிடையே பங்கு பிரிப்பதிலும் ஒரு கதை உண்டு. 1966 முதல், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அங்குள்ள ஆண்களின் மக்கள்தொகையைப் பொறுத்து ராணுவத்தில் பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்களில் பத்தில் ஒருவர் சேர்க்கத்தக்கவர் என்று கொள்வது அதன் அடிப்படை. பரம்பரையாக ராணுவத்துக்குப் போகும் சில பகுதிகளே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் இது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறதே ஒழிய, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி என மூன்று ஆள்சேர்ப்பு அலுவலகங்கள். விழுப்புரம் மாவட்டம் சென்னையின் கீழ் வருகிறது. யாரோடு போட்டி என்பது நீ எந்த மாவட்டத்தில் பிறந்தாய் என்பதைப் பொறுத்தது. பிறந்த ஊரைத் தேர்ந்தெடுத்தா பிறக்கிறோம்?

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை முனையில் இருக்கிறது மரக்காணம். ஈசிஆரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகும்போது, இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கையில், சாலையோரம் கண்ணாடிச் சில்லுகளை அடுக்கிய மாதிரி உப்பளம் விரியும். பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. சங்க இலக்கியத்தில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்பார்கள் ஆய்வாளர்கள். ஆந்திரத்துக் காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கே வந்துதான் முடிகிறது. பக்கத்துக் கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. இத்தனை பெருமை இருந்தும், என் சித்தி வீட்டுப் பக்கம் இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு முன்னால் இருக்கிற வழிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். உப்பளம், கடல், ஈசிஆர் ரிசார்ட்டில் ரூம் துடைக்கிற வேலை, பாண்டிச்சேரி கம்பெனியில் காண்ட்ராக்ட், இல்லையென்றால் வண்டி ஓட்டலாம்.

இவற்றுக்கு நடுவே ராணுவம் என்பது வேறு மாதிரி ஒரு வாசல். சிபாரிசு வேண்டாம், பணம் வேண்டாம், உடம்பு இருந்தால் போதும் என்பது அதைப் பற்றிய நம்பிக்கை. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில்தான் ஓட்டம் சூடு பிடிக்கும். விடியற்காலை நாலரை மணிக்கு சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி ஆறேழு பையன்கள் ஓடுவார்கள். முன்னால் ஒருவன் பைக்கில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு போவான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போவார்கள். உப்பள வரப்பில் ஓடினால் கால் வழுக்கும், ஆனால் நாய் துரத்தாது என்பது அவர்கள் சொன்ன தகவல்.

என் சித்தி மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 2020இலும் 2021இலும் கொரோனாவைச் சொல்லி முகாம்கள் பெரும்பாலும் முடங்கிக் கிடந்தன. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் அறிவிப்பு வந்தது. நான்கு வருட வேலை, அதன் பிறகு நான்கில் ஒருவர் மட்டும் தொடரலாம். வயது வரம்பு 21. இரண்டு வருடம் வாசல் மூடியிருந்ததால் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 23 ஆக்கினார்கள். அந்தத் தளர்வில்தான் இவன் உள்ளே போனான். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்தால் முதல் பிரிவு, 60 மதிப்பெண். 5.45க்குள் வந்தால் இரண்டாம் பிரிவு, 48. அதற்கு மேல் வெளியே.

"அஞ்சே முக்கால் ஆனா கயிறு விழும்ணா. குறுக்கால போட்டு நிறுத்திடுவாங்க. எனக்கு அப்ப பத்தடி இருந்துச்சு."

"பத்தடின்னா ஒரு செகண்டா?"

"ஒரு செகண்டுகூட இல்லண்ணா."

கோடு என்று இருந்தால் யாராவது ஒருவன் அதற்குப் பத்தடி வெளியே நிற்கத்தான் செய்வான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் 2025 அறிவிக்கையில் ஓட்டத்துக்கு நான்கு பிரிவுகள் வந்தன. 6 நிமிடம் வரை மூன்றாம் பிரிவு, 36 மதிப்பெண். 6.15 வரை நான்காம் பிரிவு, 24. ஏன் தளர்த்தினார்கள் என்பதற்கு நியாயமான காரணங்கள் பல இருக்கலாம். தேர்வு முன்னால் வந்து கூட்டத்தை வடிகட்டிவிட்ட பிறகு மைதானத்தில் அவ்வளவு கறாராக இருக்க வேண்டிய தேவை குறையும் என்பதைத்தான் ஒரு இன்ஜினியராக நான் ஊகிப்பேன். காரணம் எதுவானாலும், 2022இல் சிப்பாய் ஆவதற்குத் தகுதியில்லாத கால், 2025இல் தகுதியுள்ள கால். அதே கால், அதே பத்தடி. எல்லையில் ஓட வேண்டிய தூரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இப்போது அவனுக்கு வயது தாண்டிவிட்டது.

இதை அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவனுக்கே தெரிந்திருந்தது. "ஆமாண்ணா, பார்த்தேன்," என்றான். அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது ஒரு சொல். 'தகுதியில்லை' என்ற சொல். இணையத்தில் ஒரு சர்வர் உங்களுக்கு மறுப்புச் சொல்லும்போது ஒரு எண்ணைச் சேர்த்து அனுப்பும். 404 எல்லோருக்கும் தெரியும். 400களில் தொடங்கும் எண்கள் எல்லாம் 'பிசகு உன் பக்கம்' என்ற குடும்பம். நீ கேட்டது தப்பு, உனக்கு அனுமதி இல்லை, அப்படி ஒரு பக்கமே கிடையாது. 500களில் தொடங்குபவை 'பிசகு எங்கள் பக்கம்' என்ற குடும்பம். அதில் 503 என்று ஒன்று இருக்கிறது. உன் கோரிக்கையில் குறையில்லை, இப்போது எங்களால் முடியவில்லை என்று அதற்குப் பொருள். கூடவே, இத்தனை நொடி கழித்து வா என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பலாம். தன் பக்கம் இடமில்லாதபோது 400 வரிசை எண்ணை அனுப்பி, பழியை வந்தவன் தலையில் போடுகிற சர்வரை எங்கள் தொழிலில் மோசமாக எழுதப்பட்டது என்பார்கள். வெறும் மெஷினுக்கு மெஷின் பேசும்போதே இந்த மரியாதையை எதிர்பார்க்கிறோம். (இரண்டுக்கும் நடுவே 429 என்று ஒரு விசித்திரம் உண்டு. 'நீ ரொம்பத் தொந்தரவு பண்ணுகிறாய்' என்று அர்த்தம். சில அலுவலக ஜன்னல்களுக்கு மேலே அதை எழுதி ஒட்டலாம்.)

ஆள்சேர்ப்பில் இடம் ஆயிரம், வந்தவர்கள் லட்சம் என்றால், திரும்பிப் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சேர வேண்டிய பதில் 503. அவர்களுக்குக் கிடைப்பதோ 403. தரவரிசையில் முன்னால் இருப்பவன் நன்றாகச் செய்ததால்தானே முன்னால் இருக்கிறான் என்று கேட்கலாம். சரிதான். தரவரிசை யார் முன், யார் பின் என்று சொல்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது காலியிடம், மருத்துவர்களின் எண்ணிக்கை, மைதானம் எத்தனை நாளுக்குக் கிடைத்தது என்பது. அந்த வெட்டு விழுந்த மறுநிமிடம், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் 'செலெக்ட் ஆனவன்', அந்தப் பக்கம் இருப்பவன் 'தேறாதவன்' ஆகிவிடுகிறான். நிறுவனத்தின் பற்றாக்குறை ஒரு மனிதனின் குணமாக மாறிவிடுகிறது. ஊர் அவனை அப்படித்தான் கூப்பிடும். கொஞ்ச நாளில் அவனும் தன்னை அப்படித்தான் நினைப்பான். நீட், குரூப் 4, ஐடி கம்பெனி கேம்பஸ் என்று நம் தலைமுறை நின்ற வரிசைகளில் எல்லாம் இது நடந்திருக்கிறது.

தனி மனிதனுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும் என்றில்லை. ஒரு மாகாணத்துக்கே நடந்திருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கத்தை 1758 என்று கணக்கு வைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தென்னிந்தியாவைப் பிடித்துக் கொடுத்த படைகளின் வழி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் பயம் வடமேற்கே நகர்ந்தது. ரஷ்யா ஆப்கானிஸ்தான் வழியாக வந்துவிடும் என்ற பயம். அங்கே சண்டை போட அந்தப் பக்கத்து ஆட்கள் போதும், தெற்கில் இவ்வளவு பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகவும் இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் போன்றவர்கள் வேறு விளக்கம் கொடுத்தார்கள். தென்னிந்தியன் போர்க்குணம் இல்லாதவன், அவன் ரத்தத்திலேயே இல்லை. தேவை குறைந்தது என்பது இனத்தின் குறை ஆயிற்று. சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் முடிவில் சென்னைக் காலாட்படை ரெஜிமெண்ட் என்று ஒன்றே இல்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் வேண்டும். 1940களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உருவானது. நடுவில் தென்னிந்தியன் ரத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்தப் பழைய விளக்கம் போகவில்லை. வடக்கத்திய நண்பர்கள் சிலர் இன்றைக்கும் சாதாரணமாக அந்த ஜோக்கைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

உப்பளத்தில் இதற்கு எதிரான ஒரு பேச்சுவழக்கைக் கேட்டேன். உவர்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துவார்கள், பிறகு அடுத்தடுத்த பாத்திகளுக்கு இறக்குவார்கள். ஒவ்வொரு இடத்திலும் வெயில் தண்ணீரைக் குடித்து அடர்த்தியைக் கூட்டும். பூமே அளவில் 25 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போதுதான் உப்பு கட்டும். கடல்நீர் என்றால் அது மூன்று டிகிரியில்தான் தொடங்கும். அதுவும் ஒரு படிப்படியான வரிசைதான். அவசரப்பட்டு மேலே அதிகம் திறந்துவிட்டால் கீழே உள்ள பாத்தி எல்லாம் நீர்த்துப் போகும். மேகமூட்டமான ஒரு நாளில் உப்பு கட்டாத பாத்தியைக் காட்டி அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "வெயில் பத்தல தம்பி," என்றார். தண்ணீரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையோரம் ஏறியபோது பாத்தியும் வரப்பும் மூழ்கின. அப்போதும் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தி முதலிலிருந்து தொடங்கினார்களே தவிர, மண்ணைத் திட்டவில்லை.

இந்த விஷயத்தில் ராணுவத்தின் மருத்துவப் பிரிவு மற்றவர்களைவிட நேர்மையானது என்றே சொல்வேன். அங்கே 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று ஒரு பதில் இருக்கிறது. ராணுவ மருத்துவமனைக்குப் போய் மறுபரிசோதனை செய்துகொள்ளலாம். காதில் அழுக்கு எடுத்துவிட்டு வா என்று அறிவிக்கையிலேயே எழுதுகிறார்கள். முகாமில் ஒரு மருத்துவர் ஒரே நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார், மாலையில் அவர் கண் எவ்வளவு களைத்திருக்கும் என்று அந்த அமைப்புக்கே தெரிந்திருப்பதால்தான் இரண்டாவது கதவு ஒன்றை வைத்திருக்கிறது. சுமை கூடும்போது காகிதத்தில் இருக்கும் அளவு மாறாது, ஒவ்வொரு ஆளுக்கும் கிடைக்கும் கவனம்தான் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கான பரிகாரம் மறுபரிசோதனை.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பையன்களில் பலருக்கு, தலை முதல் கால் வரை ஒரு மருத்துவர் பார்ப்பது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், பச்சையும் சிவப்பும் பிரித்தறியாத கண் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு நிறப் புத்தகத்தைக் காட்டியிருந்தால், ஒருவன் எட்டு வருடம் அந்தக் கனவோடு ஓடியிருக்க மாட்டான். ராணுவத்தின் சல்லடை அவ்வளவு கனமாக இருப்பதற்கு, அதற்கு முன்னால் இருக்க வேண்டிய சல்லடைகள் எதுவும் இல்லாததும் ஒரு காரணம். இதை எந்த மையத்தின் மேசையை நகர்த்தியும் சரிசெய்ய முடியாது.

403ஐவிட, 503ஐவிட மோசமான ஒன்று இருக்கிறது. பதிலே வராமல் இருப்பது. எங்கள் பாஷையில் டைம்அவுட். மறுப்பு வந்துவிட்டால் நீங்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். பதில் வராதபோது கேட்டவன் கையில் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு சர்வர் இப்படித் தொங்கினால் அதை நம்பியிருக்கும் மற்ற சர்வர்களும் ஒவ்வொன்றாகத் தொங்கும்.

கொரோனாவுக்கு முன்னும் பின்னுமாக நடந்த முகாம்களில் ஓட்டம், மருத்துவம் எல்லாம் தேறி, எழுத்துத் தேர்வுக்காக மட்டும் காத்திருந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். தேர்வுத் தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. அக்னிபத் வந்ததும் அந்தத் தேர்வே இல்லை என்றானது. வேண்டுமானால் புதிதாக விண்ணப்பித்து, ஓட்டத்திலிருந்து தொடங்கலாம். வழக்குகள் நடந்தன. 2023 பிப்ரவரி 27 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வு நடைமுறையில் பாதி தூரம் வந்தவருக்கு வேலை நியமனத்தைக் கோரும் உரிமை உருவாகிவிடாது என்பது சாரம். சட்டமாகப் பார்த்தால் இது புதிதல்ல, தப்பு என்று சொல்லவும் எனக்குப் படிப்பில்லை.

ஆனால் வேலைக்கு உரிமை இல்லை என்பதையும் பதிலுக்கு உரிமை இல்லை என்பதையும் நாம் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. நான் உனக்கு இடம் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்ல, சரி. ஆனால் உன்னை நிற்கச் சொன்னது நான். நிற்கிற ஒவ்வொரு மாதமும் உன் வயது என்ற கடிகாரத்தில் கழிகிறது, அந்தக் கடிகாரத்தை வைத்ததும் நான்தான். அப்படியென்றால் இல்லை என்பதைக் காலத்தோடு சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லையா? ஒரு சர்வர் கோரிக்கைக்கு வயதாவதில்லை. கைவிட்டால் இரண்டு நொடி கழித்து அதுவே திரும்ப வரும். அதனால்தான் நாங்கள் சங்கடமில்லாமல் உதறித் தள்ளுகிறோம். இருபத்தோரு வயதுக்கு அப்படித் திரும்பி வர முடியாது. காக்க வைப்பதும் மறுப்பதும் எங்கள் தொழிலில் இரண்டு வேறு விஷயங்கள். வயது வரம்பு உள்ள வரிசையில் இரண்டும் ஒன்றே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை லேசாகத் தள்ள முடியவில்லை. 'தகுதியில்லை' என்பது கொடுமையான சொல்தான், ஆனால் அது ஒருவனை விடுவிக்கிறது. 'இடமில்லை' என்று சொன்னால் அடுத்த வருடம் இருக்கும் என்று அவன் இன்னொரு வருடம் ஓடுவான். கனிவான பதில் அவனை அதே சாலையில் கட்டிப்போடும். சித்தி இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். "ஆவாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு காசு பார்த்திருப்பான்." அதனால் இடமில்லை என்பதோடு எப்போது இருக்கும், எத்தனை இருக்கும், உனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதையும் சொன்னால்தான் அது நேர்மையான 503. தேதி இல்லாத நம்பிக்கையைவிட முகத்துக்கு நேரான மறுப்பு மேல்.

இடம் குறைவு, தகுதியானவர்கள் அதிகம் என்ற நிலையை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முறைகள் நம்மிடம் இருந்திருக்கின்றன. மரக்காணத்திலிருந்து வடமேற்கே சில மணிநேரப் பயணத்தில் இருக்கிற உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க முதலில் கோடு போட்டார்கள். வயது 35க்கு மேல் 70க்குக் கீழ், சொந்த நிலம், சொந்த வீடு, மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்திருக்கக் கூடாது என்று நீளும் பட்டியல். அதைத் தாண்டியவர்களின் பெயர்களைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். யாரெல்லாம் தகுதிக்குள் வரவே முடியாமல் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அதை ஜனநாயகம் என்று கொண்டாடுவதில் எனக்கு விருப்பமில்லை. எனக்குப் பிடித்தது வேறு. குடத்தில் பெயர் போனவன், சீட்டு வராமல் வீட்டுக்குப் போகும்போது தகுதியில்லாதவனாகப் போகவில்லை. குலுக்கலுக்கும் குலுக்கத் தெரிய வேண்டும். 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்கா வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கப் பிறந்தநாட்களைக் குலுக்கியபோது சரியாகக் கலக்காததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

அதே அமெரிக்க ராணுவம் இன்னொரு வரிசையை நல்லபடி அமைத்திருக்கிறது. உள்ளே போகும் வரிசை அல்ல, வெளியே வரும் வரிசை. இரண்டாம் உலகப் போர் முடியும்போது யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டாஃபரின் குழு அதை வீரர்களிடமே கேட்டது. அவர்கள் சொன்னதை வைத்து ஒரு புள்ளிக் கணக்கு வந்தது. பணியில் ஒரு மாதத்துக்கு ஒன்று, அது வெளிநாட்டில் என்றால் இன்னொன்று, போர்க்களப் பதக்கத்துக்கு 5, குழந்தைக்கு 12, மூன்று குழந்தைகள் வரை. 85 சேர்ந்தால் வீடு. கப்பல்கள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும், எவன் முன்னால் போகிறான், ஏன் போகிறான் என்பதும் தெரியும். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பவனிடம் வரிசையைப் பற்றி ஒரு தடவையாவது கேட்டார்கள்.

மரக்காணத்தில் யாரும் கேட்டதில்லை என்பதால் நானே கேட்டேன், என் தம்பியின் நண்பனிடம். அவன் ஓட்டமும் மருத்துவமும் தேறி, எழுத்துத் தேர்வுக்காக இரண்டு வருடத்துக்கும் மேல் நின்றவன். இப்போது டாடா ஏஸில் உப்பு மூட்டை ஏற்றுகிறான். டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். அந்தச் சமயத்தில் ஒரு கடிதம் வந்திருந்தால் என்று வைத்துக்கொள், உன்மேல் ஒரு குறையும் இல்லை, இந்தத் தேர்வு நடக்கப்போவதில்லை என்று மட்டும் எழுதி, அப்போதே வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன்.

கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழுதிருப்பேன்ணா. ஒரு வாரம். அப்புறம் அந்த வருஷமே ஹெவி லைசென்ஸ் எடுத்திருப்பேன். பெரிய வண்டி ஓட்டினா சம்பளம் இதுக்கு டபுள்ணா. மாமா கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு. எக்ஸாம் வந்துடும், எக்ஸாம் வந்துடும்னு நான்தான் போகல."

வண்டியில் இன்னும் பாதி மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான், என்னைக் கொடுக்க விடவில்லை.